ஆகாயப் பிரயாணமும் ஒரு பனையோலை விசிறியும்

ஆகாய விமானப் பிரயாணம் என்றதும் நம்மவர் மனத்தில் முதலில் எழுவது பயம், அடுத்தது பெருமை, அதற்கடுத்தது கட்டணத்தைப் பற்றிய கவலை. உடம்பின் சுகத்தைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. “எப்படியும் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலந்தானே, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போயிற்று” என்பதே பொதுவான எண்ணம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதை, 2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் என் தாயாரை இலண்டனுக்கு அழைத்துச் சென்றபோது கற்றுக்கொண்டேன். பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிவரும் ஒருவன், விமான ஆசனத்தில் இருந்துகொண்டு தான் பாடங் கேட்க நேர்ந்த கதை இது.

என் தம்பி ஊரைவிட்டுப் புறப்பட்டது 1998ஆம் ஆண்டில். அதன் பின்னர் இருபத்தொரு வருடங்களாக அம்மா அவனைக் கண்டதில்லை. அவனுடைய குரலைத் தொலைபேசியிலும், முகத்தைப் பிற்காலத்தில் கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடியிலும் கண்டு மனந்தேறியிருந்தார். அம்மாவுக்கு அப்போது எழுபத்தொரு வயது. நெடுநாளாக இரத்த அமுக்கத்துக்கு மருந்து உட்கொண்டு வருபவர். அதுவரை விமானத்தை வானத்திலே கண்டிருந்தாரேயன்றி அருகிலே கண்டதில்லை.

புறப்படும் நாளன்று காஞ்சிபுரப் பட்டுச் சேலையொன்றை எடுத்து உடுத்திக்கொண்டார். “அம்மா, நூற்சேலை ஒன்று உடுத்தினால் சுகமாக இருக்குமே” என்றேன். “இருபத்தொரு வரியத்துக்குப் பிறகு பிள்ளையைப் பாக்கப் போறன். பழஞ்சேலையோடை போய் இறங்கட்டோ?” என்று கேட்டார். அந்த நியாயத்தின் முன் நான் வாயடைத்துப் போனேன்.

கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்த காலம். மாலையிலே வாடகை வானில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். வவுனியாவில் நிறுத்தித் தேநீர் அருந்தினோம், அம்மா தொடவில்லை. புத்தளத்தில் சாரதி சோடாப் போத்தல்களை வாங்கி வந்தார், அதையும் மறுத்துவிட்டார். “எனக்குத் தாகமில்லை மோனை” என்றார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்து அனர்த்தத்தின் பின்னர் விமான நிலையத்தில் சோதனைகள் கடுமையாக இருந்தமையால், கட்டுநாயக்காவில் நான்கு மணித்தியாலம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தோம். அங்கும் அம்மா ஒரு மிடறு நீர் அருந்தவில்லை. அதை நான் கவனித்தேன். எனினும் கருத்திற் கொள்ளவில்லை.

அசையாத விமானம்

வளைகுடா நாடொன்றிற் சென்று இறங்கி, அங்கிருந்து வேறு விமானத்தில் இலண்டனுக்குப் போவதாக ஏற்பாடு. முதல் விமானத்தில் ஏறி அமர்ந்தோம். கதவை மூடினார்கள். ஆனால் விமானம் அசையவில்லை. குளிர்காற்று வழங்கும் கருவியில் ஏதோ பழுது என்றும், சிறிது பொறுக்குமாறும் அறிவித்தார்கள். அந்தச் ‘சிறிது’ ஐம்பது நிமிடங்களாக நீண்டது. முற்பகல் வெயில் எங்கள் பக்கத்து யன்னலூடாக நேரே உள்ளே விழுந்துகொண்டிருந்தது. வெளியைப் பார்க்கும் ஆசையினால் யன்னல் மறைப்பை நான்தான் முழுவதும் உயர்த்தி வைத்திருந்தேன்.

அம்மாவின் முகம் வெளிறியது. “மோனை, கண்ணை இருட்டிக்கொண்டு வருது” என்றவர் என் தோளிற் சாய்ந்துவிட்டார். கைகள் சில்லிட்டிருந்தன.

என்ன செய்வதென்று அறியாமல் நான் எழுந்து கூவினேன். விமானப் பணிப்பெண் ஒருத்தி ஓடிவந்தாள். சிங்களப் பிள்ளை, இருபத்தைந்து வயதுக்கு மேலிராது. முதல் வேலையாக யன்னல் மறைப்பை இழுத்து மூடினாள். எங்கள் வரிசையில் இருந்தவர்களை எழுப்பி, அம்மாவைச் சரித்துப் படுக்கவைத்து, கால்களைத் தலையணைகளின் மேல் உயர்த்தி வைத்தாள். நனைத்த துணியொன்றைப் பிடரியில் இட்டாள். பிரயாணிகளுள் வைத்தியர் ஒருவர் இருந்தார். அவர் வந்து நாடி பார்த்தார். அம்மா கண் விழித்ததும் சிறிது சிறிதாகத் தண்ணீர் பருக்கினார்கள். பணிப்பெண்களின் தலைவி என்னைத் தனியே அழைத்து, “நிலைமை சீராகாவிட்டால் உங்கள் இருவரையும் இறக்கிவிட்டே புறப்படவேண்டியிருக்கும்” என்று பணிவாகக் கூறினாள். அவள் கூறியது நியாயமே. ஆனால் அதைக் கேட்ட அம்மா என் கையைப் பற்றிய பற்று இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

“கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தீர்கள்?” என்று வைத்தியர் கேட்டார். அம்மா முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டார். நான் குனிந்து கேட்டேன். “நேற்றுப் பின்னேரம்” என்றார். ஏன் என்று கேட்டபோது, என் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“அவ்வளவு நேரம் இதுக்குள்ளை இருக்கோணும். ஆம்பிளையளைத் தாண்டி எழும்பி அந்தச் சின்ன அறைக்கு நான் எப்படிப் போறது? உள்ளுக்கை போய்க் கதவு பூட்டுப்பட்டால்?”

இருபத்தொரு வருடம் காத்திருந்த ஒரு தாய், மலசலகூடத்துக்குப் போகக் கூசி, பதினாறு மணித்தியாலம் நாவை உலரவைத்து, தன் உயிரையே பணயம் வைத்திருந்தார். பக்கத்திலே இருந்த படித்த பிள்ளைக்கு அது தெரியவில்லை.

நல்ல வேளையாகக் கருவி சீராயிற்று, குளிர்காற்று வந்தது. கால் மணித்தியாலத்தில் அம்மாவின் நாடி நிலைப்பட்டது. போகலாம் என்று வைத்தியர் சொன்னார். விமானம் மேலெழுந்து, ஆசனப் பட்டியைக் கழற்றலாம் என்ற விளக்குத் தெரிந்ததும், அந்தப் பிள்ளை மீண்டும் வந்து, “வாங்கோ அம்மா” என்று தனக்குத் தெரிந்த தமிழில் அழைத்துக் கையைப் பிடித்துக் கூட்டிச் சென்றாள். கதவு எவ்விடத்தில் அழுத்தினால் மடிந்து திறக்கும், தாழ்ப்பாளைத் தள்ளினால் உள்ளே விளக்கு எப்படி நன்றாக எரியும், நீர் இழுக்கும் பொறி பேரிரைச்சல் இடுமாயினும் அஞ்சவேண்டுவதில்லை என்பவற்றையெல்லாம் காட்டிக்கொடுத்தாள். திரும்பி வந்த அம்மா ஒரு கோப்பை நீரைக் கேட்டு வாங்கிக் குடித்தார். அதன் பின்னரே எனக்கு மூச்சு வந்தது.

நிலத்திலே வெப்பம் ஏன்?

விமானம் பறக்கும்போது அதன் எஞ்சின்கள் வெளிவளியை உள்ளிழுத்து அமுக்குகின்றன. அமுக்கிய வளி சூடேறும் என்பதைப் பௌதிகம் கற்கும் மாணவர் அறிவர். அச் சூடான வளியில் ஒரு பகுதியை எடுத்து, வெளிக்குளிரினால் ஆற்றி, ஒரு சுழலியினூடாக விரியவிட்டு மேலும் குளிர்வித்து, பிரயாணிகள் இருக்கும் அறைக்குள் அனுப்புகிறார்கள். போயிங் 787 என்னும் விமானத்தில் மாத்திரம், எஞ்சினிலிருந்து வளியை எடுக்காது, மின்சாரத்தால் இயங்கும் அமுக்கிகளைக் கொண்டு அவ்வேலையைச் செய்கிறார்கள்.

நிலத்தில் நிற்கும்போது பெரிய எஞ்சின்கள் ஓய்ந்திருக்கும். அவ்வேளையில் வாற்புறத்தில் உள்ள சிறிய துணை எஞ்சினோ, நிலையத்திலிருந்து தடித்த குழாய்வழியே வரும் குளிர்வளியோ உதவவேண்டும். இவ்விரண்டும் தவறினால் விமானம் வெயிலில் நிறுத்திய வானைப் போல ஆகிவிடும். அன்றியும், ஆறியிருக்கும் ஒரு மனிதனுடைய உடம்பு ஏறக்குறைய 100 வாற்று மின்குமிழ் ஒன்றின் அளவுக்கு வெப்பத்தை வெளிவிடுகிறது. 300 பேர் அடைந்திருக்கும் இடத்தில் அத்தகைய 300 குமிழ்கள் எரிவதாக எண்ணிப் பாருங்கள். கட்டுநாயக்காவின் ஈரக் காற்றில் வியர்வை எளிதில் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. நெருங்க நெய்த பட்டும் சரிகையும் வந்த சிறு காற்றையும் தடுத்துவிடுகின்றன.

மேலே குளிர் ஏன்?

மேலெழுந்து ஒரு மணித்தியாலம் ஆவதற்குள் கதை தலைகீழாயிற்று. வியர்வையால் நனைந்திருந்த பட்டு இப்போது குளிர்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. அம்மா நடுங்கத் தொடங்கினார். 35,000 அடி உயரத்தில் வெளியே உள்ள குளிர், உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 54 பாகை செல்சியஸ். வளியின் அமுக்கமோ கடல் மட்டத்தில் உள்ளதில் நாலிலொரு பங்கிற்கும் சிறிது குறைவு. ஆகையால் உள்ளே வளியை அமுக்கி, 6,000 முதல் 8,000 அடி வரை உயரமுள்ள ஓரிடத்தின் நிலைமையைப் பேணுகிறார்கள். நமது நாட்டுக் கணக்கிற் சொன்னால், விமானத்தில் இருப்பவர் நுவரெலியாவுக்கும் பீதுறுதாலகால மலையின் உச்சிக்கும் இடையே எங்கோ இருப்பதாகக் கொள்ளலாம். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் எயார் சிலோன் கம்பனியின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது இவ்வசதி இருக்கவில்லை. அக்காலத்து டக்கோட்டா விமானங்கள் அமுக்கம் பேணும் அமைப்பு இல்லாதவை. அதனால் தாழவே பறந்தன.

உயரத்து வளியில் ஈரம் இல்லையென்றே சொல்லலாம். விமானத்துக்குள் ஈரப்பதன் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே இருக்கும். நாம் பழகிய கொழும்பிலோ அது 70, 80 சதவீதம். ஆகவே மூச்சு விடுந்தோறும் உடம்பின் நீர் நமக்குத் தெரியாமலே கழிந்துகொண்டிருக்கும். உதடு வெடிப்பதும், தொண்டை வறள்வதும், கண் எரிவதும் இதனாலேயே. நீர் அருந்தாமல் வந்து ஏறியவர் இங்கே இருமடங்கு வருந்துவார்.

திரும்பும்போது செய்தவை

இலண்டன் நிலையத்தின் வாசலில் தம்பி நின்றான். அம்மாவின் காஞ்சிபுரப் பட்டு கசங்கி, நனைந்து உலர்ந்த கறைகளோடு, மேலே ஒரு கம்பளிப் போர்வையால் மூடப்பட்டிருந்தது. தம்பி சேலையைப் பார்க்கவேயில்லை. முதல் இரண்டு நாளும் அம்மா தடிமனோடு படுக்கையிற் கிடந்தார். அங்கே கண்ட வைத்தியர், பிரயாணத்தின்போது மருந்தை எவ்வேளையில் எடுப்பது, எவ்வளவு நீர் அருந்துவது என்று எழுதிக் கொடுத்தார். நோயுள்ளவர்கள் புறப்படுமுன்னரே தத்தம் வைத்தியரிடம் இதைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும். மூன்று வாரத்தின் பின் திரும்பும்போது, நாங்கள் வேறு மனிதராக விமானம் ஏறினோம். செய்தவற்றைப் பிரயாணம் போகும் குடும்பங்களுக்காக இங்கே சொல்லுகிறேன்.

முதலாவது, உடை. தளர்வான நூற்சேலை, கைப்பையில் ஒரு சால்வை, ஒரு சோடி காலுறை. தடித்த ஆடை ஒன்றைவிட மெல்லிய ஆடைகள் இரண்டு மூன்று நல்லவை. வெப்பத்துக்கேற்பக் களையவும் போர்க்கவும் இயலும். பட்டுச் சேலை பெட்டிக்குள் மடிப்புக் குலையாமல் வந்தது.

இரண்டாவது, நீர். பல விமான நிலையங்களில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட நீர்ப்பொருளைச் சோதனைக்கு அப்பால் கொண்டுபோக விடார். எனவே வெறும் போத்தலைக் கொண்டு சென்று, சோதனை முடிந்தபின் நிரப்பிக்கொண்டோம். ஒரேயடியாகக் குடியாமல் அடிக்கடி சிறிது சிறிதாக அருந்தினோம். மதுபானம் உடம்பின் நீரைக் குறைப்பது, விலக்கற்பாலது. கோப்பியை மட்டாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, ஆசனம். நடைவழியோரத்து ஆசனத்தை அம்மாவுக்குக் கேட்டு வாங்கினேன். எவரையும் தாண்டாமல் எழுந்து போகலாம் என்பதே காரணம். யன்னலோரம் பகலில் வெயில் படும். இரவில் சுவர் குளிரும். கதவுகளுக்கு அருகிலும் குளிர் அதிகம். வெயிலுக்கு அஞ்சுவோர் ஒன்றை நினைவில் வைக்கலாம்: கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்குப் போவதுபோல வடக்கு நோக்கிப் பறக்கும்போது, காலை வெயில் வலப்பக்கத்திலும் மாலை வெயில் இடப்பக்கத்திலும் விழும். விமானம் நிலத்தில் நிற்கும்வரை வெயிற்பக்கத்து மறைப்பை மூடி வைத்தல் நன்று. எழும்போதும் இறங்கும்போதும் திறக்கச் சொன்னால் திறந்துவிடவேண்டும்.

நான்காவது, காற்று. சில விமானங்களில் தலைக்கு மேலே காற்று வரும் சிறு வட்டத் துவாரம் உண்டு. அதைத் திருகித் திறந்து, காற்று நேரே முகத்தில் அடியாமல் மார்புக்கு முன்னே விழும்படி திருப்பிக்கொள்ள வேண்டும். அத்துவாரம் இல்லாத இடத்தில் நனைத்த லேஞ்சியைப் பிடரியில் இட்டால் போதும். வரண்ட காற்றில் அது விரைவாக உலர்ந்து குளிர்ச்சி தரும். விமானத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் வெப்பநிலையை வேறுவேறாக அமைக்கப் பணியாளரால் இயலும். ஆதலால் வெப்பமோ குளிரோ தாங்கவில்லையெனில் சொல்லிவிடுவதே முறை. அது முறைப்பாடு ஆகாது.

ஐந்தாவது, உணவு. உயரத்தில் வயிற்றுக்குள் உள்ள வாயு நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை விரிகிறது. ஆதலின் புறப்படும் காலையிற் புட்டும் கடலையும், வடையும், சோடாவும் வேண்டாம். இடியப்பமும் சொதியும் போதும்.

ஆறாவது, கால்கள். 4 மணித்தியாலத்துக்கு மேல் அசையாதிருந்து பிரயாணஞ் செய்வோருக்குக் காலின் நாளங்களில் இரத்தம் உறையும் அபாயம் ஏறக்குறைய இருமடங்காகிறது என்று, உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. அந்த அபாயம் இயல்பில் மிகச் சிறியதே. எனினும் இடையிடையே எழுந்து நடப்பதும், இருந்தபடியே பாதங்களை மேலுங் கீழும் அசைப்பதும் நல்லன. நீர் அருந்துபவர் எழுந்து போகாமல் இருக்க முடியாது. அந்த வகையில் ஒரு மருந்தே மற்றதையும் செய்விக்கிறது.

ஏழாவது, பனையோலை விசிறி. தம்பியின் வீட்டுச் சுவரில் அலங்காரமாகத் தொங்கிய ஒன்றை அம்மா கேட்டு எடுத்துக்கொண்டார். “இவ்வளவு சாமானோடை இதுவுமா?” என்று தம்பி சிரித்தான். பாரமற்றது, மின்சாரம் வேண்டாதது, எந்தச் சோதனையிலும் எவரும் அதைத் தடுக்கவில்லை.

அந்த விசிறி வளைகுடா நாட்டில்தான் தன் பெருமையைக் காட்டிற்று. நண்பகலில், 40 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில், பேருந்தில் ஏற்றி விமானத்தடிக்குக் கொண்டுபோனார்கள். ஏறி அமர்ந்தும் குளிர்காற்று உறைக்கச் சிறிது நேரம் பிடித்தது. எங்களுக்கு அடுத்த வரிசையில் வெள்ளைச் சேலை உடுத்த சிங்கள மூதாட்டி ஒருவர் தனியே இருந்தார். முகம் வாடியிருந்தது. பணிப்பெண் நீட்டிய தண்ணீரை வேண்டாமென்று தலையசைத்தார்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னர் எழுந்து போய் அவரருகே அமர்ந்து விசிறத் தொடங்கினார். அம்மாவுக்குச் சிங்களத்தில் நாலைந்து சொற்களுக்கு மேல் தெரியாது. “வத்துர, வத்துர” என்று தன் போத்தலைத் திறந்து கொடுத்தார். அவர் தயங்கினார். அம்மா என் பக்கம் திரும்பி, “இவவுக்கும் என்ரை வருத்தந்தான் மோனை” என்றார். விமானம் மேலெழுந்து விளக்கு மாறியதும், இரண்டு கிழவிகளும் கைகோத்துக்கொண்டு நடைவழியே போனார்கள். கதவை எங்கே அழுத்துவது, தாழ்ப்பாளை எப்படித் தள்ளுவது என்று அம்மா சைகையினாற் காட்டிக்கொண்டிருந்ததை நான் என் ஆசனத்திலிருந்தே கண்டேன்.

கூச்சமே பெரும் பாரம்

அதே 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. இடையில் நின்றுபோன சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கிற்று. சிதம்பரத்துக்குப் போக விரும்பும் எங்கள் அயலவர்களுக்கு, விமானம் ஏறுவது இப்போது கொழும்புக்குப் போவதைவிடக் கிட்டிய காரியமாகிவிட்டது. புறப்படுமுன் அவர்களிற் சிலர் அம்மாவிடம் வந்து யோசனை கேட்பதுண்டு. அம்மா சேலையைப் பற்றியும் சால்வையைப் பற்றியும் பிறகுதான் சொல்லுவார். முதலில் பெண்களை உள்ளே அழைத்து, கதவின் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார்.

முதியோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவதும் அதுவே. ஆசனத்தையும் உணவையும் விசாரிக்குமுன், “தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேளுங்கள். தாகமில்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். விமானம் ஏறியதும் முதல் வேலையாக மலசலகூடத்தைக் காட்டிக்கொடுங்கள். மகளோ மருமகளோ உடனிருந்தால் அவர்களே காட்டட்டும். வெப்பத்துக்கு விசிறி உண்டு. குளிருக்குச் சால்வை உண்டு. கூச்சத்துக்கு மாத்திரம் பக்கத்தில் இருக்கும் மனிதரே துணை. அன்று அத்துணையை என் தாயாருக்கு அளித்தவள் பெயரறியாத ஒரு பிள்ளை. அளித்திருக்க வேண்டியவன் நான்.